அலர்ட் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.

திருவண்ணாமலையில இருந்து பேசறேன். போன எபிசோடுல க்ளஸ்டர்னா என்ன, ஒரு சர்வர் விழுந்தா மத்த சர்வர்கள் எப்படித் தாங்குதுன்னு பார்த்தோம். அதுக்கு வந்த மெசேஜ்ல நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "க்ளஸ்டர் போட்டாச்சு, அது நல்லா இருக்கான்னு பார்க்க எதை எப்படி செட் பண்றது?"

ப்ராமிதியஸ் இன்ஸ்டால் பண்றது எப்படின்னு யூட்யூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு. அரை மணி நேரத்துல கிராஃபானாவுல கலர் கலரா கிராஃப் ஓட ஆரம்பிச்சிடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் குரூப்ல போட்டா நாலு பேர் தம்ஸ்-அப் போடுவாங்க. அதுவரைக்கும் சுலபம். அதுக்கப்புறம் ஒரு மாசம் அலர்ட் எதுவும் வராது. நமக்கும் நிம்மதி. நான் பேச வந்தது அந்த நிம்மதியைப் பத்தி. அலர்ட் வரலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். சர்வர் எல்லாம் நல்லா ஓடுது. இல்லைன்னா சர்வரைப் பார்த்துக்கிட்டிருந்த கருவியே கண்ணை மூடிடுச்சு. வெளியில நிக்கிற நமக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது, அதுக்குக் கான்ஃபிக்ல என்ன எழுதணும்ங்கிறதுதான் இந்த எபிசோடு.

புதுசா வந்தவங்களுக்காக முன்கதை கொஞ்சம். 1999ல நெட்செயின்ட்னு ஒரு கருவி வந்தது, அப்புறம் அதுக்கு நாகியோஸ்னு பேர் மாறுச்சு. ரொம்ப நாள் உலகமே அதைத்தான் வச்சிருந்தது. 2012ல சவுண்ட்கிளவுட் கம்பெனியில ப்ராமிதியஸ் ஆரம்பமாச்சு. கூகுளுக்குள்ள போர்க்மான்னு ஒரு சிஸ்டம் உண்டு, அதைப் பழகினவங்க வெளியில வந்து அதே யோசனையில எழுதினது. 2016ல சிஎன்சிஎஃப் அமைப்புக்குள்ள வந்தது. குபர்நெட்டிஸுக்கு அடுத்து அங்க சேர்ந்த ரெண்டாவது ப்ராஜெக்ட் அதுதான்.

நம்ம ஊருக்கும் இந்தத் துறைக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு ஜோஹோன்னு நாம சொல்ற கம்பெனி, 1996ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல ஆரம்பிச்சப்போ செஞ்ச வேலையே நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற மென்பொருள்தான். மெயில், சிஆர்எம் எல்லாம் அப்புறம் வந்தது. மேனேஜ்எஞ்சின், சைட்24x7 எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆனா இன்னைக்கு உதாரணத்துக்கு ப்ராமிதியஸையே எடுத்துக்கறேன், ஏன்னா கேள்வி கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அதைத்தான் வச்சிருக்கீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். ப்ராமிதியஸ் வேலை செய்யற விதத்தைப் புரிஞ்சுக்க ஸ்கூல் அட்டெண்டன்ஸை நினைச்சுக்கோங்க. டீச்சர் கையில ரெஜிஸ்டர். ஒவ்வொரு பேராக் கூப்பிடறாங்க, "உள்ளேன் ஐயா"ன்னு பதில் வருது. அதே மாதிரி ப்ராமிதியஸ் கையில ஒரு லிஸ்ட் இருக்கு. 15 செகண்டுக்கு ஒரு தடவைன்னு செட் பண்ணியிருந்தா, லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு சர்வரையும் 15 செகண்டுக்கு ஒரு தடவை போய்க் கேட்கும். அங்க ஓடற நோட் எக்ஸ்போர்ட்டர்ங்கிற சின்ன ப்ரோக்ராம், சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு, டிஸ்க் இவ்வளவுன்னு பதில் சொல்லும். பதில் வந்தா 'அப்'ங்கிற மெட்ரிக்ல 1, வரலைன்னா 0.

க்ளாஸுக்கு வராத பையன் எந்திரிச்சு "நான் ஆப்சென்ட் சார்"னு சொல்ல மாட்டான், இல்லையா? அவன் பேர் ரெஜிஸ்டர்ல இருக்கறதாலதான் அவன் வரலைன்னு டீச்சருக்குத் தெரியுது. இப்போ ஒரு அலர்ட் ரூல் எழுதறோம்னு வச்சுக்கோங்க: "சிபியு 90 சதவீதத்துக்கு மேல 5 நிமிஷம் இருந்தா சொல்லு." அந்த சர்வர் மொத்தமா செத்துட்டா சிபியு எவ்வளவு? பூஜ்யமும் இல்ல, நூறும் இல்ல. நம்பரே இல்ல. இல்லாத ஒண்ணு 90ஐ விடப் பெருசான்னு கேட்டா ப்ராமிதியஸ் "ஆமா"ன்னும் சொல்லாது, "இல்ல"ன்னும் சொல்லாது. காலியா ஒரு பதில் தரும். காலியான பதிலுக்கு அலர்ட் கிடையாது. உடம்பு சரியில்லாத சர்வருக்கு அலர்ட் வரும், செத்துப்போன சர்வருக்கு வராது.

"அதுக்குத்தான் 'அப்' பூஜ்யம் ஆனா சொல்லுன்னு ரூல் போட்டிருக்கேனே"ன்னு சிலர் சொல்வீங்க. நல்லது, போட்டே ஆகணும். ஆனா குபர்நெட்டிஸ்ல இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. அங்க ரெஜிஸ்டரை நாம எழுதறது இல்ல. சர்வீஸ் டிஸ்கவரி எழுதுது. எந்தப் பாட் உயிரோட இருக்கோ அது தானா லிஸ்ட்ல சேரும், போனது தானா லிஸ்ட்ல இருந்து போயிடும். அதாவது, பையன் ஸ்கூலை விட்டே போனதும் ரெஜிஸ்டர்லயும் பேரை அடிச்சிடறாங்க. டீச்சர் அவன் பேரைக் கூப்பிடவே மாட்டாங்க, அன்னைக்கு அட்டெண்டன்ஸ் நூத்துக்கு நூறு. யாரோ டிப்ளாய்மென்ட்ல ஒரு லேபிளைத் தப்பா மாத்தி, பேமென்ட் சர்வீஸோட பாட் மொத்தமும் லிஸ்ட்ல இருந்து விழுந்துட்டா, 'அப்' பூஜ்யம் ஆகாது. 'அப்'பே இருக்காது.

இந்த இடத்துக்குன்னே இருக்கறதுதான் 'ஆப்சென்ட்' ஃபங்ஷன். "இந்தப் பேர்ல ஒரு சீரிஸ்கூட இல்லைன்னா எனக்குச் சொல்லு." முக்கியமான ஒவ்வொரு ஜாபுக்கும் இது தனித்தனியா ஒரு வரி எழுதணும். சலிப்பான வேலைதான். அதோட இன்னொரு வரி: எத்தனை இருக்கணுமோ அதை எண்ணறது. பேமென்ட் பாட் குறைஞ்சது 3 இருக்கணும்னா, 'அப்' 1ஆ இருக்கறதை எண்ணி 3க்குக் குறைஞ்சா சொல்லு. அந்த 3ங்கிற நம்பரை மனுஷன் எழுதணும். மெஷின் தானா கண்டுபிடிக்கற லிஸ்ட்டை மெஷினே சரிபார்த்தா எப்பவும் சரியாத்தான் இருக்கும்.

இதைவிட விஷமமான ஒண்ணு இருக்கு. ஒரு சர்வர்ல எரர் அதிகமாகுது. அலர்ட் அடிக்குது. நீங்க லேப்டாப்பைத் திறக்கறதுக்குள்ள அந்த சர்வர் மொத்தமா விழுந்துடுது. இப்போ எரர் நம்பர் வர்றது நின்னுடுச்சு. ப்ராமிதியஸ் பார்வையில, "எரர் அதிகம்"ங்கிற நிலைமை இப்போ இல்ல. அதனால அலர்ட்மேனேஜர் உங்களுக்குப் பச்சைக் கலர்ல ஒரு மெசேஜ் அனுப்பும்: "ரிசால்வ்ட்." நோயாளி முனகறதை நிறுத்திட்டார், அதனால குணமாயிட்டார்னு சொல்ற மாதிரி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பச்சை மெசேஜைப் பார்த்துட்டு, "அப்பாடா"ன்னு போனைக் கவுத்து வச்சுட்டுத் தூங்கறவங்க எத்தனை பேர்! 2023ல வந்த ப்ராமிதியஸ் 2.42ல, நிலைமை மாறினாலும் இவ்வளவு நேரம் அலர்ட்டை விடாம வச்சிருன்னு சொல்ல ஒரு செட்டிங் சேர்த்தாங்க. அதைப் போடுங்க. அதுக்கும் மேல, டீம்ல ஒரு வழக்கம் வச்சுக்கோங்க: பச்சை மெசேஜ் வந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் படுக்கணும்.

நம்பர் வராம இருக்கறது ஒரு வகை. பழைய நம்பர் அப்படியே உறைஞ்சு நிக்கறது இன்னொரு வகை. இதுக்கு இந்தியாவுல எல்லாரும் பார்த்த ஒரு நாள் இருக்கு. 2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலையில பத்து மணி தாண்டினதும் என்எஸ்இல நிஃப்டி இன்டெக்ஸ் அப்டேட் ஆகறது நின்னுடுச்சு. பங்குகள் கைமாறிட்டு இருக்கு, விலை ஏறி இறங்குது, ஆனா திரையில இன்டெக்ஸ் மட்டும் அதே இடத்துல. 11:40க்கு வர்த்தகத்தையே நிறுத்தினாங்க. மறுபடி தொடங்கினது மதியம் 3:45க்கு. அன்னைக்கு மட்டும் 5 மணி வரைக்கும் நீட்டிச்சாங்க. மறுநாள் எஃப் அண்டு ஓ மாதாந்திர எக்ஸ்பயரி வேற. காலையில வாங்கி சாயங்காலத்துக்குள்ள விக்கலாம்னு இருந்தவங்க நடுவுல மாட்டிக்கிட்டாங்க.

என்எஸ்இ பிறகு கொடுத்த விளக்கம் இது: ரெண்டு டெலிகாம் கம்பெனிகள்கிட்ட இருந்து லிங்க் வாங்கியிருந்தாங்க, அதுல கோளாறு வந்தது, அதோட தாக்கம் ஸ்டோரேஜ் சிஸ்டத்துல விழுந்தது, அதனால கிளியரிங் பிரிவோட ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் கிடைக்காமப் போச்சு. ரிஸ்க் பார்க்க முடியாம வர்த்தகத்தை ஓட விடக்கூடாது, அதனால மூடினாங்க. கவனிங்க, ரெண்டு லிங்க் இருந்தும் இது நடந்தது. அடுத்த மாசமே செபி ஒரு சுற்றறிக்கை விட்டது: முக்கியமான சிஸ்டம் பாதிக்கப்பட்டா 30 நிமிஷத்துக்குள்ள அதை 'டிசாஸ்டர்'னு அறிவிக்கணும், அறிவிச்சதுல இருந்து 45 நிமிஷத்துல மாற்று இடத்துல இருந்து ஓட்டணும். 30 நிமிஷம்ங்கிற நம்பரை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல இதுக்குத் திரும்பி வர்றேன்.

நம்ம கான்ஃபிக்குக்கு இதுல இருந்து எடுத்துக்கறது சின்ன விஷயம். நம்பரைப் பார்க்கறது போதாது, அந்த நம்பரோட வயசையும் பார்க்கணும். உறைஞ்சுபோன நம்பர் எந்த எல்லையையும் தாண்டாது, அதனால எந்த ரூலும் அடிக்காது. உங்க ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவை வேலையை முடிக்கும்போதும், "கடைசியா ஒழுங்கா முடிச்ச நேரம் இது"ன்னு ஒரு மெட்ரிக் வெளியிடட்டும். இப்போ என்ன மணி, கடைசியா முடிச்சது எத்தனை மணி, ரெண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுக்கு மேல போனா அலர்ட். கூட்டல் கழித்தல் கணக்குதான். ஆனா நான் பார்த்த க்ளஸ்டர்கள்ல இது இருக்கறது ரொம்பக் குறைவு.

பேக்கப்புக்கு இது இல்லாம இருக்கவே கூடாது. கிட்லேப் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா அதுல எனக்கு முக்கியமாப் படற பகுதியை யாரும் சொல்றதில்லை. 2017 ஜனவரி 31. ஒரு எஞ்சினியர், ரெண்டாவது டேட்டாபேஸ்ல அழிக்க வேண்டிய டைரக்டரியை மெயின் டேட்டாபேஸ்ல அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபி, நிறுத்தறதுக்குள்ள நாலரை ஜிபிதான் மிச்சம். எல்லாரும் பேசறது இந்தத் தப்பைப் பத்தித்தான். மனுஷன்னா அசந்து போவான், அதுக்குத்தானே பேக்கப் வச்சிருக்கோம்? பேக்கப்பைத் தேடிப் போனா எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கற கருவி 9.2. வெர்ஷன் ஒத்துப்போகாம ஒவ்வொரு தடவையும் பேக்கப் தோத்துட்டே இருந்திருக்கு. தோத்தா மெயில் அனுப்பற ஏற்பாடும் இருந்தது. அந்த மெயில்ல டிமார்க் கையெழுத்து இல்லைன்னு மெயில் சர்வர் வாசல்லயே திருப்பி அனுப்பிடுச்சு. யாருக்கும் மெயில் வரல, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. தற்செயலா 6 மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக ஒருத்தர் எடுத்து வச்சிருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

தோத்தா சொல்லுன்னு ஏற்பாடு பண்ணினா, சொல்ற வழி அடைஞ்சிடுச்சுன்னா வெற்றி மாதிரியே தெரியும். ஜெயிச்சா சொல்லு, சொல்லலைன்னா நான் எழுந்து வர்றேன்னு ஏற்பாடு பண்ணணும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. கார்த்திகை தீபத்தன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி கொடுக்கறார், கொடிமரத்துக்கு முன்னாடி அகண்ட தீபம் ஏத்தறாங்க, அதைத் தொடர்ந்து 2,668 அடி மலை உச்சியில மகாதீபம். கீழ இருக்கறவங்க யாரும் "தீபம் ஏத்த முடியலைன்னா தகவல் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்க மாட்டாங்க. மொட்டை மாடியில நின்னு மலையையே பார்த்துட்டு இருப்பாங்க. வெளிச்சம் தெரிஞ்சா எல்லாம் முறையா நடந்திருக்குன்னு அர்த்தம். அடுத்த 10 நாளும் சாயங்காலம் ஆனா கண்ணு தன்னால மேல போகும். ஒரு நாள் மேகம் மூடி வெளிச்சம் தெரியலைன்னா தெருவுல நாலு பேர் பேசிக்குவாங்க. வெளிச்சம் இருந்தா கவலை இல்ல, இல்லைன்னாத்தான் விசாரிக்கணும்.

அலர்ட் உலகத்துல இதுக்கு வாட்ச்டாக்னு பேர். குபர்நெட்டிஸுக்கான ப்ராமிதியஸ் தொகுப்புல இது கூடவே வரும். எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கற ஒரு அலர்ட். அதோட கண்டிஷன் எப்பவும் உண்மை. புதுசா சேர்றவங்க முதல் வாரமே கேட்பாங்க, "இது என்னங்க, எந்நேரமும் அடிக்குது, சைலன்ஸ் பண்ணிடட்டுமா?" பண்ணிடாதீங்க! அதை உங்க சாட்டுக்கு அனுப்பாம, க்ளஸ்டருக்கு வெளியில இருக்கற ஒரு சேவைக்கு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை போற மாதிரி ரூட் பண்ணுங்க. அந்த வெளிச் சேவைக்குச் சொல்ல வேண்டியது: "எனக்கு இந்த மெசேஜ் வந்துட்டே இருக்கும். 10 நிமிஷம் வரலைன்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணு." ப்ராமிதியஸ் செத்தாலும், அலர்ட்மேனேஜர் செத்தாலும், நடுவுல நெட்வொர்க் அறுந்தாலும், மூணுக்கும் ஒரே ஏற்பாடு.

'க்ளஸ்டருக்கு வெளியில'ங்கிறதை அழுத்திச் சொல்றேன். 2017 பிப்ரவரி 28ல அமேசானோட எஸ்3 விழுந்தப்போ, "எங்க சேவையில பிரச்சினை இருக்கு"ன்னு சொல்ல வேண்டிய ஸ்டேட்டஸ் பக்கத்தை அவங்களால மாத்த முடியல. அந்தப் பக்கத்தை நிர்வாகம் பண்ற கருவியே எஸ்3யை நம்பித்தான் இருந்தது. 2021 அக்டோபர்ல ரோப்ளாக்ஸ் 73 மணி நேரம் படுத்துக் கிடந்தது. பிரச்சினை கான்சல் க்ளஸ்டர்ல, அதைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய டெலிமெட்ரியும் அதே கான்சலை நம்பி இருந்தது. ரெண்டும் அவங்களே வெளியிட்ட அறிக்கைகள்ல இருக்கு. இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே இப்படி. உங்க ப்ராமிதியஸ் எந்த டிஸ்க்ல எழுதுது, எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்குது, அலர்ட்மேனேஜர் எந்த இன்டர்நெட் லைன்ல வெளிய போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க.

இப்போ அந்த 30 நிமிஷக் கணக்குக்கு வருவோம். சர்வர் விழுந்ததுல இருந்து உங்க போன் அடிக்கற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? கேள்வி கேட்கற இடைவெளி 15 செகண்ட். ரூலைப் பரிசோதிக்கற இடைவெளி 15 செகண்ட். கான்ஃபிக்ல எதுவும் எழுதலைன்னா இந்த ரெண்டும் தலா 1 நிமிஷம், அதையும் பார்த்துக்கோங்க. "இவ்வளவு நேரம் தொடர்ந்து இருந்தாத்தான் அலர்ட்"னு 'ஃபார்'ல எழுதறது 5 நிமிஷம். அலர்ட்மேனேஜர் ஒரே மாதிரி அலர்ட்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கறது 30 செகண்ட். கூட்டினா ஆறு நிமிஷம். பேமென்ட்டுக்கு ஆறு நிமிஷம் அதிகமா? அப்போ 'ஃபார்'ஐ 2 நிமிஷம் ஆக்குங்க. ராத்திரி ரிப்போர்ட் போடற ஜாபுக்கு அவசரம் இல்லையா? அரை மணி வைங்க. எல்லா ரூலுக்கும் கண்ணை மூடிட்டு 5 நிமிஷம்னு போட்டிருக்கற கான்ஃபிக்கைப் பார்த்தாலே தெரியும், யாரும் உட்கார்ந்து யோசிக்கலைன்னு.

டிஸ்க்குக்கு 80 சதவீதம்னு எல்லை வைக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க. 2 டிபி டிஸ்க்ல 90 சதவீதம் நிறைஞ்சாலும் 200 ஜிபி காலியா இருக்கு, வருஷக்கணக்கா அப்படியே ஓடலாம். 20 ஜிபி டிஸ்க்ல ஏதோ ஒரு லாக் கட்டுப்பாடு இல்லாம எழுத ஆரம்பிச்சா 50 சதவீதத்துல இருந்து ஒரு மணி நேரத்துல நிறைஞ்சிடும். 'ப்ரெடிக்ட் லீனியர்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. கடைசி 6 மணி நேரம் நிறைஞ்ச வேகத்தைப் பார்த்து, இப்படியே போனா இன்னும் 4 மணி நேரத்துல காலி இடம் தீர்ந்துடுமான்னு கணக்குப் போடும். 4 மணி நேரத்துல தீரும்னா ஆளை எழுப்பு. 4 நாள்ல தீரும்னா டிக்கெட் போடு, காலையில காபி குடிச்சிட்டுப் பார்க்கலாம்.

தூக்கத்தைப் பத்திச் சொல்லணும். கூகுள் 2016ல வெளியிட்ட எஸ்ஆர்இ புத்தகத்துல, 12 மணி நேர ஷிஃப்டுக்கு அதிகபட்சம் ரெண்டு சம்பவம்தான் ஒருத்தர் ஒழுங்காக் கையாள முடியும்னு எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல ராத்திரிக்கு இருபது அலர்ட் வர்ற டீம்கள் இருக்கு. இருபது வந்தா என்ன பண்ணுவோம்? குரூப்பை மியூட் பண்ணுவோம். அப்போ திரும்பவும் அதே அமைதிதான், இந்தத் தடவை நாமளே உண்டாக்கினது. அதனால ஒரு ரூல் ராத்திரியில ஆளை எழுப்பறதா இருந்தா, எழுந்தவர் அடுத்த நிமிஷம் என்ன பண்ணணும்னு அந்த அலர்ட்லயே ரெண்டு வரி இருக்கணும். பண்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னா அது ஆளை எழுப்பற அலர்ட் இல்ல.

இனி எங்க ஊர் விஷயம் ஒண்ணு. திருவண்ணாமலையில ரூம் புக் பண்ற ஒரு சைட் நீங்க நடத்தறீங்கன்னு வச்சுக்கோங்க, மூணு சர்வர். சாதாரண செவ்வாய்க்கிழமை நாளைக்கு நாப்பது புக்கிங். பௌர்ணமி வந்தா 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைதான் தெரியும், உங்க சைட்லயும் அதே கூட்டம். "ட்ராஃபிக் வழக்கத்தைவிட அதிகம்"னு ஒரு ரூல் வைக்கணும்னா, வழக்கம்ங்கிறது எது? புத்தகத்துல சொல்ற வழி, போன வாரம் இதே நாளோட ஒப்பிடறது. ஐ.டி கம்பெனி ஆப்புக்கு அது சரி. பௌர்ணமி வாரக் கணக்குல வராது, 29 அரை நாளைக்கு ஒரு தடவை. போன பௌர்ணமியோட ஒப்பிடலாம்னு போனா, ப்ராமிதியஸ் டீஃபால்ட்டா 15 நாள் டேட்டாதான் வச்சிருக்கும். அமாவாசை வந்தா பௌர்ணமியை மறந்துடும்! டேட்டா எத்தனை நாள் இருக்கணும்ங்கிறதை 60 நாளாவது ஆக்குங்க. தீபத்தை தீபத்தோட ஒப்பிடணும்னா 13 மாசம் வேணும், அதுக்கு தானோஸ், மிமிர் மாதிரி தனி ஸ்டோரேஜ் தேவைப்படலாம்.

இதைவிட எளிமையான வழி ஒண்ணு. காலண்டரையே மெட்ரிக் ஆக்கிடுங்க. நோட் எக்ஸ்போர்ட்டர்ல டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர்னு ஒரு வசதி இருக்கு. ஒரு ஃபைல்ல நீங்க எழுதற நம்பரை அது மெட்ரிக்கா வெளியிடும். பஞ்சாங்கத்தைப் பார்த்து, பௌர்ணமி அன்னைக்கு 1, மத்த நாள் 0. ரூல்ல அதைச் சேர்த்துக்கோங்க. பௌர்ணமி அன்னைக்குக் கூட்டம் அதிகம்னு அலர்ட் வேண்டாம். ஆனா பௌர்ணமி அன்னைக்குச் சாயங்காலம் 15 நிமிஷம் ஒரு புக்கிங்கூட வரலைன்னா உடனே எழுப்பு. மத்த நாள் அதே 15 நிமிஷ அமைதி சாதாரணம். தேர்வு முடிவு நாள், தட்கல் நேரம், தீபாவளி ஆஃபர், உங்க வேலைக்கு எது பௌர்ணமியோ அதைப் போட்டுக்கோங்க.

ஆன்-கால் ஷெட்யூல் போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தீபத்தன்னைக்கு இந்த ஊர்ல இருக்கற ஆளை ஆன்-கால்ல போடாதீங்க. சாமி கும்பிடப் போயிடுவாங்கன்னு சொல்லல. லட்சக்கணக்கான போன் ஒரே ஊருக்குள்ள இருக்கும்போது டேட்டா நகராது. அலர்ட் அனுப்பியாச்சு, உங்க சிஸ்டம் கணக்குல வேலை முடிஞ்சது, போன்ல எதுவும் வந்திருக்காது. 5 நிமிஷத்துல "பார்த்துட்டேன்"னு பதில் வரலைன்னா வேற ஊர்ல இருக்கற அடுத்த ஆளுக்கு, ஆப் மூலமா இல்லாம, போன் காலாப் போகணும்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வேலூர்ல இருந்து ஒரு காலேஜ் தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, என்கிட்ட மாசம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரே ஒரு விபிஎஸ்தான் இருக்கு. அதுல ஒரு சின்ன ஆப் ஓடுது. இதெல்லாம் எனக்கும் வேணுமா?"

வேண்டாம் தங்கச்சி. ப்ராமிதியஸையும் கிராஃபானாவையும் அதே விபிஎஸ்ல போட்டா, அது மெமரியைத் தின்னு உன் ஆப்பைத்தான் விழ வைக்கும், விழுந்ததையும் உனக்குச் சொல்லாது. ரெண்டே வேலை பண்ணு. ஒண்ணு, வெளியில இருந்து சில நிமிஷத்துக்கு ஒரு தடவை உன் சைட்டைத் திறந்து பார்க்கற இலவச சேவை ஏதாவது ஒண்ணுல பதிவு பண்ணு. ஹோம் பேஜ் வருதான்னு மட்டும் பார்க்காம, டேட்டாபேஸைத் தொட்டுட்டு வர்ற ஒரு பக்கத்தைக் கொடு. ரெண்டு, ராத்திரி பேக்கப் எடுக்கற க்ரான் ஜாபோட கடைசி வரியில, பேக்கப் ஃபைலோட சைஸ் பூஜ்யம் இல்லைன்னு பார்த்துட்டு, ஒரு ஹார்ட்பீட் சேவைக்கு ஒரு கர்ல் அனுப்பு. 25 மணி நேரம் அந்தக் கர்ல் வரலைன்னா உனக்குப் போன்ல சொல்லச் சொல்லிடு.

க்ளஸ்டர் வச்சிருக்கற மத்தவங்களுக்கு இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். ஒரு நாள் மதியம், டீம்ல சொல்லிட்டு, ஏதாவது ஒரு சர்வர்ல நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்க. இன்னொரு நாள் அலர்ட்மேனேஜரையே நிறுத்துங்க. ரெண்டு தடவையும் போன் அடிக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடிக்கவே இல்லைன்னாலும் எழுதுங்க, பேர் போடாம அடுத்த எபிசோடுல பேசுவோம். அடுத்த எபிசோடு லாக் பத்தி: எவ்வளவு வச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடணும். வர்றேன் மக்களே.